பற்றாக்குறை 1,030 ரூபாய்

எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கான தலைமைப் பயிற்சி எப்படித் தொடங்கியது என்று யார் கேட்டாலும் சொல்வதற்கு என்னிடம் ஒரு கதை தயாராக இருந்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது, செய்தி அறிந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள், பெரியவர்கள் யாரும் சொல்லாமலேயே வீடு வீடாகப் போய் அரிசியும் தார்ப்பாயும் சேலைகளும் சேர்த்து, ஒரு சரக்கு வண்டி பிடித்து நாகப்பட்டினம் பக்கம் அனுப்பி வைத்தார்கள், தங்களுக்கே ஒன்றும் இல்லாத பிள்ளைகளுக்கு இத்தனை மனம் இருக்கிறதே, இதை ஏன் முறையாக வளர்க்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது, அப்படித்தான் ஆரம்பித்தோம். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் பழகிப்போயிருந்தது. முடிக்கும்போது கைதட்டுவார்கள்.

சில வாரங்களுக்கு முன் ராமநாதபுரத்தில் ஒரு கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, முதல் ஆண்டு எங்களோடு இருந்த பெண் ஒருத்தி பக்கத்து இலையில் வந்து அமர்ந்தாள். இப்போது அவள் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, கூட்டலில் விட்டுப்போன ஓர் எண்ணைச் சுட்டிக்காட்டுகிற தொனியில், "டீச்சர், அரிசி சேத்தது உண்மைதான். ஆனா அது ரெண்டாவது வருசமில்ல? நாம சண்டையிலதான ஆரம்பிச்சோம்" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவளும் பதிலை எதிர்பார்க்கவில்லை. அப்பளம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த ஒரு வாக்கியம் என்னைவிட்டுப் போகவில்லை. அவள் சொன்னது சரி. நாங்கள் தொடங்கியது 2017இல். புயலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

வராத பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு

2017 மே மாதம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் 45 நாளிலிருந்து 61 நாளாக நீட்டிக்கப்பட்ட ஆண்டு அது. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை படகுகள் கரையில் நிற்கும், பள்ளிக்கும் விடுமுறை, பிள்ளைகள் சும்மாதானே இருப்பார்கள் என்று நாங்கள் சில ஆசிரியர்கள் கணக்குப் போட்டோம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், நெடுஞ்சாலையிலிருந்து தெற்கே பிரிந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் ஊர். மன்னார் வளைகுடாவை நாங்கள் தென்கடல் என்போம். பாக் நீரிணைப் பக்கம் வடகடல். ஊர்ப் புயல் காப்பிடத்தில் மூன்று நாள் முகாம். பெயர், 'தலைமைப் பண்பு வளர்ப்பு முகாம்'. ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் முடித்த 34 பேர் முதல் நாள் வந்தார்கள்.

வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் நல்ல மனிதர், நன்றாகப் பேசினார். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருகிற எல்லாப் பயிற்சியாளர்களையும் போல அவரும் அப்துல் கலாமில் தொடங்கினார்: இந்த மண்ணில் 1931இல் பிறந்தவர், செய்தித்தாள் போட்டவர், கனவு கண்டவர். கலாம் மேல் எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கும் பற்று சாதாரணமானதல்ல. ஆனால் அந்தச் சொற்பொழிவை அவர்கள் எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள் என்பதைப் பேசுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. இன்னொன்றும் எனக்கு அப்போது தோன்றவில்லை, பிறகுதான் தோன்றியது. ராமேசுவரத்துச் சிறுவன் உயர்நிலைப் படிப்புக்காக ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்கு வந்து தங்க வேண்டியிருந்தது. பாம்பன் சாலைப் பாலம் திறந்ததே 1988இல்தான், அதுவரை ரயில் இல்லையென்றால் படகு. அந்த வாழ்க்கையில் கனவு எவ்வளவு இருந்ததோ, அவ்வளவு தூரமும் இருந்தது. பிள்ளைகளிடம் கனவைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். தூரத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

காகிதக் கோபுரம் கட்டினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து 'நான் ஒரு தலைவன்', 'நான் ஒரு தலைவி' என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்றபோது பையன்கள் சிரித்து உருண்டார்கள். எங்கள் ஊரில் தலைவர் என்றால் ஊர்த் தலைவர், அவர் ஒருவர்தான், அவரும் அன்று காப்பிடத்துத் திண்ணையில்தான் படுத்திருந்தார். 'இதுவரை நீங்கள் எதற்காவது தலைமை தாங்கியது உண்டா' என்ற கேள்விக்கு ஒரு பையன் மட்டும் கபடிக் குழு என்றான். மற்றவர்கள் எல்லோரும் இல்லை சார் என்றார்கள். இரண்டாம் நாள் 22 பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் 11 பேர். வராதவர்களின் சாப்பாட்டில் 3,500 ரூபாயும், நிறைவு விழாவைக் கைவிட்டதால் கேடயங்களுக்கு வைத்திருந்த 1,900 ரூபாயும் மிஞ்சின. மொத்தம் 5,400 ரூபாய். எல்லாவற்றுக்கும் கைமுதல் அதுதான். நன்கொடையாளர் யாரும் மனமுவந்து கொடுத்ததில்லை. வராத பிள்ளைகள் சாப்பிடாமல் விட்ட சோற்றின் காசு.

எனக்குக் கோபம். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்வதை நானும் சொன்னேன். மறுநாள் காலை வராதவர்களைத் தேடிக் கரைக்குப் போனேன்.

பையன்களில் பாதிப்பேர் மண்டபத்தில் கரையேற்றிய படகுகளுக்குச் சுரண்டிச் சாயம் அடிக்கப் போயிருந்தார்கள். தடைக்காலத்தில்தான் அந்த வேலை கிடைக்கும்; நாங்கள் விடுமுறை என்று நினைத்தது அவர்களுக்குச் சம்பளக் காலம். பெண் பிள்ளைகள் சிலர் பாசிக் கரையில் இருந்தார்கள். தீவுகளை ஒட்டிய பாறைப் பார்களில் முங்கிக் கடற்பாசி எடுக்கிற பெண்கள், விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு அதிகாலையில் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். மரிக்கொழுந்துப் பாசியை மணலில் பரப்பி, சிப்பியும் கல்லும் பொறுக்கி எறிந்துகொண்டிருந்த ஈரமான கைகளில், கிழிசல் அவிழ்த்த இடமெல்லாம் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவர்களுக்கு நடுவில், முகாமில் 'ஒண்ணும் இல்ல சார்' என்று சொல்லி உட்கார்ந்த அந்தப் பெண், அன்றைக்கு 15 வயது, மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வியாபாரியின் தராசுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். 11 பெண்களின் எடையை அவள்தான் எழுதினாள். ஈரக் கழிவு என்று வியாபாரி எவ்வளவு குறைத்தார் என்பதற்குத் தனியாக ஒரு பத்தி கோடு போட்டு வைத்திருந்தாள். போன வாரம் ஐந்து கிலோவுக்கு எவ்வளவு கழித்தீர்கள், இன்றைக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள் என்று அவள் கேட்டபோது, அவர் பதில் சொல்லாமல் இரண்டு பெண்களின் மூட்டையை மறுபடி தராசில் போட்டார்.

இந்தக் காட்சியையும் நான் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்கள் நெகிழ்ந்து போவார்கள். அது நடந்ததுதான், ஆனால் அதைத் தொடக்கம் என்று சொல்வதும் பொய். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன நான் எதையும் தொடங்கவில்லை. வெட்கப்பட்டேன், அவ்வளவுதான்.

வாக்கெடுப்பு

ஜூலையில் அந்த 5,400 ரூபாயை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. முகாமுக்குப் பணம் தந்தவர்களிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, பிள்ளைகளுக்கே செலவிடுங்கள் என்று பதில் வந்தது. பள்ளியில் பொது அறிவுப் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி வாங்கலாம் என்பது என் எண்ணம். பிள்ளைகளையே கேட்டுவிடலாமே என்று நான் சொன்னது ஜனநாயக உணர்வால் அல்ல, அலமாரியைத்தான் சொல்வார்கள் என்ற நம்பிக்கையால். 23 பேர் கூடினார்கள். நான்கு பையன்கள் கால்பந்து என்றார்கள். ஏழு பேர், பாசிக் கரைக்குச் சொந்தமாக ஒரு தராசு என்றார்கள். நோட்டுக்காரப் பெண் அந்தப் பக்கம். 12 பேர் வண்டி என்றார்கள். அலமாரிக்கு ஒருவரும் கை தூக்கவில்லை.

வண்டி என்பது இதுதான். பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு ஆறரைக்கு முடியும். ஊருக்குள் வருகிற கடைசிப் பேருந்து ஐந்தேகாலுக்கே போய்விடும். இலவசப் பேருந்து அட்டை எல்லோரிடமும் இருந்தது. அட்டையைக் காட்டுவதற்குப் பேருந்து இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே வரும் நான்கு கிலோமீட்டரும் பனங்காடும் கருவேலம் புதரும், விளக்கு கிடையாது. ஒருநாள் இருட்டில் நடந்து வந்தால் மறுநாள் தாய்மார்கள் பெண் பிள்ளைகளைச் சிறப்பு வகுப்புக்கு அனுப்ப மாட்டார்கள், அடுத்த மாதம் வகுப்புக்கே அனுப்ப மாட்டார்கள். ஷேர் ஆட்டோ என்று நாங்கள் சொல்கிற மேஜிக் வண்டி ஒன்றை நாளைக்கு 250 ரூபாய்க்குப் பேசினார்கள். ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டால் நாளைக்கு 60 ரூபாய் தேறும், மிச்சம் 190 ரூபாய் அந்த 5,400இலிருந்து, எனவே 28 நாள் ஓடும், அதற்குள் பேருந்துக்கு மனுக் கொடுத்துவிடலாம். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. வண்டிக்குக் கை தூக்கிய 12 பேரும்தான் அதில் வர வேண்டியவர்கள் என்பதை நான் வீட்டுக்குப் போன பிறகுதான் கவனித்தேன். கணக்கு எழுத, தோற்ற தரப்பிலிருந்து நோட்டுக்காரப் பெண்ணைப் போட்டார்கள். வண்டிக்காரர்களை அவள் சும்மா விடமாட்டாள் என்பதால் தராசுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

28 நாள் ஓட வேண்டிய வண்டி 23ஆம் நாள் நின்றது.

உட்கார்ந்த மாலை

சனிக்கிழமை மாலை. காப்பிடத்தின் வராந்தா. எங்கள் ஊரில் கோயில் திருவிழா முடிந்த மறுவாரம் ஊர் கூடி வரவு செலவு வாசிப்பது வழக்கம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் தலைக்கட்டு வரியை யார் கட்டினார்கள், யார் பாக்கி என்று பெயர் சொல்லி வாசிப்பார்கள். பிள்ளைகள் அதே முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வேறு முறை அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் நின்றுகொண்டு வாசித்தாள். வரவு, முகாமில் மிஞ்சியது 5,400. பிள்ளைகள் கட்டியது 350. செலவு, வண்டிக்கு 23 நாளைக்கு 5,750. இருப்பு இல்லை. கட்டியிருக்க வேண்டியது 1,380. பற்றாக்குறை 1,030 ரூபாய். பிறகு பெயர்களைத் தொடங்கினாள். முதல் பெயர் அவளுடைய சித்தப்பா மகன். அவன் முறைத்தான். அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். ஒருத்தி எழுந்து, நான் வராத நாளுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறாய் என்று சண்டை பிடித்தாள். ஒருவன் வண்டிக்காரரிடம் நேராகக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். சத்தம் அதிகமானது.

பட்டியலில் அடுத்து வரப்போகும் பெயர் எனக்குத் தெரியும். அந்தப் பையனின் அப்பா, ராமேசுவரத்து விசைப்படகு ஒன்றில் கூலிக்குப் போய், இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு அப்போது யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய கொஞ்ச நாளிலேயே பிடித்துவிட்டார்கள். அந்த வீட்டில் என்ன நிலைமை என்று ஊருக்கே தெரியும். அவன் 23 நாளும் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. நான் எழுந்துவிட்டேன். பெயர் வேண்டாம், மொத்தத் தொகையை மட்டும் வாசி, போதும், கூட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று வகுப்பறைக் குரலில் சொன்னேன். எல்லோரும் அடங்கினார்கள். அவள் நோட்டை மூடப் போனாள்.

"டீச்சர், நீங்க கொஞ்சம் உக்காருங்க. அவ படிக்கட்டும்." சொன்னது அந்தப் பையன்தான். தூணில் சாய்ந்து நின்றிருந்தான். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை; ஆனால் கேட்டுக்கொள்ளவும் இல்லை. 19 ஆண்டு ஆசிரியர் வேலையில் என்னை உட்காரச் சொன்ன முதல் மாணவன் அவன். நான் இரண்டு மூன்று விநாடி நின்றேன் என்று நினைக்கிறேன். பிறகு உட்கார்ந்தேன்.

அவள் வாசித்தாள். அவன் பெயர், 115 ரூபாய். "ஆமா, குடுக்கல" என்றான். கொஞ்சம் பொறுத்து, "எங்க வீட்டுக்கு இந்த வருசம் கோயிலுக்கே அரை வரிதான் போட்டாங்க. இதுல மட்டும் முழு வரி எப்படி வரும்? யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்றான்.

அவனுக்காக நான் எழுந்தபோது எனக்கு வந்தது இரக்கம். அவன் கேட்டதோ, விதியை எப்படி வகுத்தீர்கள் என்ற கேள்வி. இரண்டுக்கும் இடையில் இருந்த தூரத்தை அந்த வராந்தாவில் உட்கார்ந்துதான் நான் பார்த்தேன், அதுவும் அவன் உட்கார வைத்த பிறகு. முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது. ஆம்பளை இல்லாத வீட்டுக்கு அரை வரி, அது ஊர் வழக்கம். சிறையில் இருப்பவர் இல்லாதவர் கணக்கில் வருவாரா? தகப்பன் குடித்துவிட்டுப் பணம் தராத வீடு எந்தக் கணக்கு? யார் தீர்மானிப்பது? வசதி இல்லை என்று சொல்ல ஒருவன் எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டுமா? கரைவலைக் குடும்பத்துப் பையன் ஒருவன், வலைக்குத் தலைவரான மண்டாடி வலையை எங்கே வளைப்பது என்று சொல்வதற்கு முன்னால்தான் பேச வேண்டும், மீன் படாத பிறகு பேசினால் அது சண்டை என்றான். கடைசியில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதத் தொடக்கத்திலேயே யாருக்கு அரை வரி, யாருக்கு வரி இல்லை என்று அவர்கள் விசாரித்து எழுத வேண்டும். அதை வாசித்து எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் வசூல். பாக்கியை வாசிப்பதென்றால் அதன்படிதான் வாசிக்க வேண்டும். அந்த மூவரில் அந்தப் பையனும் ஒருவன். நான் அதில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பெருமையாக எழுதலாம். உண்மையில் பேசுவதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

வண்டி அந்த ஆண்டு மறுபடி ஓடவில்லை. இருட்டில் கூட்டமாக டார்ச் அடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தார்கள், ரசீது வாங்கினார்கள். மூன்றாவது மனுவுக்குப் பிறகு பேருந்து நேரம் மாறியபோது அவர்களில் பலர் பள்ளியையே முடித்திருந்தார்கள். ஆனால் மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை கூடிக் கணக்கு வாசிப்பது நிற்கவில்லை. கணக்கு வாசிக்கக் கூடியவர்கள் வேறு விஷயங்களையும் பேசினார்கள். கஜாவுக்கு அரிசி சேர்த்தவர்கள் அவர்கள்தான். அதற்கும் மூட்டைவாரியாகக் கணக்கு இருக்கிறது.

எழுச்சி இல்லாத கதை

ஏன் மாற்றிச் சொன்னேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். ராமநாதபுரம் எப்போதுமே பிறர் கதை எழுதுகிற மாவட்டம். தண்ணீர் இல்லாக் காடு என்றும், அரசு ஊழியரைத் தண்டிக்க மாற்றல் போடுகிற இடம் என்றும் சொல்லி வந்தார்கள். 2018இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரையும் எங்களையும் சேர்த்தார்கள். அதன்பிறகு எங்களைத் தேடி வந்த விண்ணப்பப் படிவங்கள் கூடின. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டம்: இம்முயற்சி தொடங்கிய விதம், 200 சொற்களுக்குள். முதல் முறை நான் உள்ளது உள்ளபடி எழுதினேன்: முகாம் தோற்றது, வண்டி நின்றது, பாக்கி வாசித்தோம். படித்துப் பார்த்த ஒருவர், எங்கள்மேல் அக்கறை உள்ளவர்தான், "நல்லாருக்கு, ஆனா இதில் ஓர் எழுச்சி இல்லையே மேடம்" என்றார். அடுத்த படிவத்தில் புயலை எழுதினேன். பணம் வந்தது. படிவத்துக்கு எழுதியதை மேடையில் சொன்னேன், மேடையில் சொன்னதை நானே நம்பத் தொடங்கினேன்.

அந்தக் கதையில் பிள்ளைகள் நல்லவர்கள், நான் அவர்களைக் கண்டெடுத்தவள். உண்மையான கதையில் அவர்கள் காசுக்குச் சண்டை போடுகிறார்கள், எனக்கு உட்காரச் சொல்லி உத்தரவு வருகிறது. எதை விட்டுவிட்டு எதை வைத்துக்கொண்டேன் என்று இப்போது பார்க்கும்போது, எழுச்சி மட்டும்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நோட்டுக்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். நோட்டு இருக்கிறதா என்று கேட்டதும் பரணிலிருந்து எடுத்து வந்தாள். முன்பக்கத்திலிருந்து பாசி எடை. தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து எங்கள் கணக்கு. காகிதம் உப்புக் காற்றில் தடித்துப் போயிருந்தது. 1,030 என்ற எண்ணுக்குக் கீழே, வெவ்வேறு மையில், பிறகு வந்த தொகைகள் தேதியோடு இருந்தன. அந்தப் பையனுடைய 115ஐ அடித்து அரை வரியாக 57 ரூபாய் 50 காசு என்று திருத்தியிருந்தது. 2019இல் கட்டியிருக்கிறான், ஐம்பது காசு உட்பட. இன்னும் நான்கு பெயர்களுக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. மொத்தம் எவ்வளவு வர வேண்டும் என்று கேட்டேன். விரல் வைத்துக் கூட்டி, 215 என்றாள். நான் கைப்பையைத் திறந்தேன்.

"நீங்க கட்ட முடியாது டீச்சர்" என்று நோட்டை வாங்கிக்கொண்டாள். "உங்க பேரு இதுல இல்ல."